தேய்ந்த இடத்தில் ஒரு கை இருக்கிறது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். ஆண் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் கட்டாயம் வாசியுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், புள்ள ராவு ரெண்டு மணி வரைக்கும் கம்பியூட்டர்ல பிளேன் ஓட்டுறான். சண்ட பிளேன். இது நல்லதா, கெட்டதா?"

ஒரு சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பதில் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தகவல் தொழினுட்பம் படிப்பிப்பவர் ஒருவரும் வரலாறு படிப்பிப்பவர் ஒருவருமாக நாங்கள் இரண்டு ஆசிரியர்கள் சில பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். குண்டு போடுவதையும் சுடுவதையும் பற்றித்தான் பேச வேண்டிவரும் என்று நினைத்துப் போனோம். எங்கள் கண்ணைப் பிடித்தது வேறொன்று. விமானி உட்காரும் அறையில், அதாவது கொக்பிட்டில், கிடந்த கீறல்கள்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறோம். போனில் விரலால் தட்டித் தட்டிச் சுடும் விளையாட்டு அல்ல. டிசிஎஸ் வேர்ல்ட், ஐஎல்-2 ஸ்டர்மோவிக் போன்றவை 'சிமியுலேட்டர்' வகை. உண்மையான போர் விமானம் ஒன்றின் கொக்பிட்டை ஆளிக்கு ஆளி, முள்ளுக்கு முள் அப்படியே கட்டித் தருகிறார்கள். சில விமானங்களில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே பல ஆளிகளை ஒழுங்கு தவறாமல் போட வேண்டும். கைநூல் நூற்றுக்கணக்கான பக்கம். அந்தப் பக்கங்களை ஆங்கிலத்தில் வாசித்து விளங்கிக்கொள்ளும் பிள்ளை, வகுப்பில் ஆங்கிலப் பந்தி ஒன்றை வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிகிறான் என்பது வேறு கதை. அதை இன்னொரு நாளைக்கு எழுதுவோம்.

பிள்ளைகள் எங்களுக்கு முதலில் காட்டியது எப்-14 டொம்கெட். விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறக்கும் அமெரிக்கக் கடற்படை விமானம். 'ஹீட்பிளர்' என்ற நிறுவனம் இதை டிசிஎஸ்ஸுக்காக 2019 மார்ச்சில் வெளியிட்டது. உள்ளே உட்கார்ந்ததும் புதுக் காரின் உள்பக்கம் போல இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இல்லை. பழைய லொறி ஒன்றின் உள்பக்கம் மாதிரி இருந்தது. பெயின்ட் உரிந்து கீழே உலோகம் தெரிகிறது. ஆளிகளைச் சுற்றி நிறம் மங்கியிருக்கிறது. கைபடும் விளிம்புகள் பளபளக்கின்றன.

"ஏன் இப்படி அழுக்காக வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டோம்.

"சேர், அதுதான் ஒரிஜினல். பாவிச்ச பிளேன்" என்றான் பையன்.

அந்தப் பதில் எங்களை யோசிக்க வைத்தது. நாம் எல்லோருமே தேய்மானத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள்தான். அதை வாசிப்பு என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். பழைய சைக்கிள் ஒன்று வாங்கப் போனால் முதலில் எதைப் பார்ப்போம்? பெடல் ரப்பர், சீற்றின் ஓரம், பிரேக் கட்டை. இரண்டாம் கையாக த்ரீவீலர் வாங்குபவர் மீற்றரை நம்ப மாட்டார். பிரேக் பெடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். உம்மாவின் தையல் மெஷினில் கைச்சக்கரத்தின் ஒரு பக்கம் மட்டும் ஏன் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் தெரியும். தேய்ந்த இடத்தில் ஒரு கை இருந்திருக்கிறது.

அந்தக் கை எங்கே படும், எவ்வளவு காலம் படும் என்று தெரியாமல் ஒரு கொக்பிட்டைச் சரியாகப் பழசாக்க முடியாது. இதைத்தான் பிள்ளைகளோடு சேர்ந்து நாங்களும் கற்றுக்கொண்டோம்.

இந்தப் பழசு எப்படிச் செய்யப்படுகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறோம். கணினியில் முதலில் கொக்பிட்டின் வடிவத்தைக் கட்டுவார்கள். பிறகு அதன்மேல் தோல் போர்த்துவது போலப் பல படங்களைப் போர்த்துவார்கள். ஒரு படம் நிறத்தைச் சொல்லும். ஒரு படம் எந்த இடம் உலோகம், எந்த இடம் பெயின்ட் என்று சொல்லும். ஒரு படம் மேடு பள்ளத்தைச் சொல்லும். இன்னொன்று எந்த இடம் சொரசொரப்பு, எந்த இடம் வழுவழுப்பு என்று சொல்லும். இந்தக் கடைசிப் படம்தான் முக்கியம். நாம் நினைப்பதுபோல விரல் பட்ட இடம் எப்போதும் அழுக்காவதில்லை. பல இடங்களில் அது மெருகேறுகிறது. மங்கல் கறுப்பாக இருந்த பெயின்ட், ஆயிரம் தடவை விரல் உரசியதில் வழுவழுப்பாகி, வெளிச்சம் பட்டால் மினுங்கும். நிறம் மாறவே இல்லை, மினுக்கம் மட்டும் மாறியிருக்கிறது. இதைத் தெரிந்து செய்தவர் செய்த கொக்பிட்டில் தலையைக் கொஞ்சம் அசைத்தால் போதும், எந்த ஆளிக்கு அதிக வேலை என்று தெரிந்துவிடும்.

பெயின்ட் உரிவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. பல விமானங்களில் அலுமினியத்தின் மேல் முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு ஒன்று பூசுவார்கள். பழைய விமானங்களில் அது பெரும்பாலும் மஞ்சள் கலந்த பச்சை. அதற்குமேல்தான் சாம்பலோ கறுப்போ பூசுவது. எனவே சின்ன உரிவில் பச்சை தெரியும், ஆழமான உரிவில்தான் வெள்ளி தெரியும். எல்லா உரிவிலும் நேரே வெள்ளி தெரிந்தால் செய்தவர் அவசரப்பட்டுவிட்டார் என்று அர்த்தம்.

அவசரப்பட இன்னொரு வழியும் இருக்கிறது. இப்போதுள்ள மென்பொருள்களில், 'சப்ஸ்டன்ஸ் பெயின்டர்' போன்றவற்றில், பொருளின் விளிம்புகளைக் கணினியே கண்டுபிடித்து அவற்றை எல்லாம் ஒரேயடியாகத் தேய்த்துவிடும் வசதி உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் புதுப் பெட்டி பழம்பெட்டி ஆகிவிடும். அழகாகவும் இருக்கும். ஆனால் கணினிக்கு எது விளிம்பு என்று தெரியுமே தவிர, எது கைபடும் விளிம்பு என்று தெரியாது.

இதை எங்களுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஒரு மாணவனின் வாப்பா. மோட்டார் மெக்கானிக். மகனைக் கூட்டிப்போக வந்தவர் வாசலில் நின்றபடி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது யாரோ ஒருவர் பொழுதுபோக்காகச் செய்து இலவசமாகப் போட்ட விமானம். "இந்தா, கதிரைக்குப் பின்னால இருக்கிற மூலையும் தேஞ்சிருக்கு, கைப்பிடியும் தேஞ்சிருக்கு, ரெண்டும் ஒரே அளவு. பின்னால ஆர் கையப் போடுற?" என்றார். விமானம் ஓட்டிய மனிதர் அல்ல அவர். ஆனால் நாள்முழுக்கத் தேய்ந்த பொருட்களைப் பார்க்கிறவர். மகன் வாப்பாவைப் பார்த்த பார்வை எங்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாப்பாவின் தொழிலில் இப்படி ஒரு அறிவு இருக்கிறது என்று அவன் அன்றைக்குத்தான் கண்டிருப்பான் என்று நினைக்கிறோம்.

கைபடக் கூடாத இடங்களும் ஒரு கொக்பிட்டில் உண்டு. விமானி ஆபத்தில் கதிரையோடு வெளியே பாயும் கைப்பிடி மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டிருக்கும். அதைச் சாதாரணமாக ஒருவரும் இழுப்பதில்லை. ஆகவே பழைய விமானத்திலும் அதன் கோடுகள் மற்ற இடங்களைவிடத் தெளிவாக இருக்க வேண்டும். சிவப்பு மூடி போட்ட அவசர ஆளிகளும் அப்படித்தான். தூசு படியலாம், எழுத்து அழியக் கூடாது. மிக்-21 விமானத்தின் கருவிப் பலகையில் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. அழகுக்குப் போட்டது என்றுதான் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். தேடிப் பார்த்தால், விமானம் சுழன்று விழத் தொடங்கும்போது கட்டுப்பாட்டுத் தடியை அந்தக் கோட்டுக்கு நேராக முன்னால் தள்ள வேண்டும். தலை சுற்றி, எது நடு என்று தெரியாத நேரத்தில் கண்ணுக்கு ஒரு அடையாளம். நம் பாடசாலைச் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவி மாதிரி, அந்தக் கோடு தேவைப்படாமலே இருந்தால் நல்லது.

அடுத்தது காலம். இதைத்தான் வரலாற்று ஆசிரியர் விடாமல் பிடித்துக்கொண்டார்.

டொம்கெட் முதன்முதலில் பறந்தது 1970 டிசம்பரில். அமெரிக்கக் கடற்படை அதற்கு ஓய்வு கொடுத்தது 2006 செப்டம்பரில். உப்புக் காற்றில், கப்பலின் மேல்தளத்தில், பல தலைமுறை விமானிகள் ஏறி இறங்கிய விமானம். அது பழசாகத் தெரிவது நியாயம். மிக்-21ஐ இந்திய விமானப்படை 1963இல் சேர்த்துக்கொண்டது, கடைசி விமானங்களை 2025 செப்டம்பரில்தான் இறக்கியது. ஒரே விமானம் அவ்வளவு காலமும் பறக்கவில்லை என்றாலும், ஒவ்வொன்றும் நீண்டகாலம் உழைத்தவை. அதன் கொக்பிட்டில் பெயின்ட் உரிந்திருந்தால் அதுவும் நியாயம்.

இப்போது இன்னொரு விமானத்தை எடுங்கள். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109, அதில் கே-4 ரகம். டிசிஎஸ்ஸிலும் இருக்கிறது, ஐஎல்-2விலும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் விமானம் என்றதும் நம் மனதில் துருப்பிடித்த, உரிந்த, பழைய பொருள் ஒன்றுதான் வரும். ஆனால் கே-4 படைக்கு வரத் தொடங்கியது 1944இன் கடைசி மாதங்களில். ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே மாதம். அப்படியானால் போர்க்காலத்தில் பறந்த கே-4 ஒன்றின் ஆகக்கூடிய வயது என்ன? கரும்பலகையில் கழித்துப் பார்த்தோம். ஒரு வருடம்கூட இல்லை. பல விமானங்கள் அதற்கு வெகு முன்னரே விழுந்துவிட்டன. முப்பது வருடம் உழைத்தது போல அதன் கொக்பிட்டைத் தேய்த்து வைத்தால் அது உண்மை அல்ல. பூட்ஸ் கீறல் இருக்கலாம், சேறு இருக்கலாம், அவசரத்தில் பூசிய பெயின்டின் ஒழுங்கீனம் இருக்கலாம். முதுமை இருக்க முடியாது.

பிறகு ஏன் நம் மனதில் அது பழசாக இருக்கிறது? நாம் பார்ப்பது அருங்காட்சியகத்தில் இருக்கும் விமானத்தை. அதன் வயது போரின் வயது அல்ல, போருக்குப் பிந்திய எண்பது வருடத்தின் வயது. வெயில், ஈரம், திறந்து விட்டபோது ஏறி உட்கார்ந்த பிள்ளைகளின் கைகள், திருத்தப் போனவர்களின் தூரிகை, எல்லாம் அதில் சேர்ந்திருக்கும். சிமியுலேட்டர் செய்பவர் அதைப் போய்ப் படமெடுத்து அப்படியே போர்த்தினால், 1945இன் விமானிக்குப் பதிலாகப் பிற்காலப் பார்வையாளரின் கைத்தடத்தைத்தான் கொக்பிட்டில் வைக்கிறார். ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப சேர், நாம பழைய காலத்தப் பாக்குறம் எண்டு நினைச்சி, பழைய காலம் பழசான விதத்தத்தான் பாக்குறமா?" பாடப் புத்தகத்தில் 'மூலாதாரங்களின் நம்பகத்தன்மை' என்று வரட்டுத்தனமாக ஒரு தலைப்பு இருக்கிறது. அதை இவ்வளவு தெளிவாக எங்கள் வகுப்பில் ஒருவரும் சொன்னதில்லை.

கண்ணாடிக்கு வருவோம். விமானியின் தலைக்கு மேலுள்ள கூரை கண்ணாடி மாதிரித் தெரிந்தாலும் பெரும்பாலும் அது ஒருவகைப் பிளாஸ்டிக். துடைக்கத் துடைக்க மெல்லிய கீறல் விழும். சூரியன் முன்னால் நின்றால் அந்தக் கீறல்கள் எல்லாம் வட்டம் வட்டமாக ஒளிரும். பழைய பஸ்ஸின் முன் கண்ணாடியில் மாலை வெயில் படும்போது பார்த்திருப்பீர்கள். சிமியுலேட்டரில் இதையும் செய்து வைக்கிறார்கள். விளையாடுபவர்கள் சிலருக்கு அது பிடிப்பதில்லை, எதிரி விமானம் தெரியவில்லை என்று கண்ணாடியைச் சுத்தமாக்கும் கோப்புகளைத் தேடிப் போட்டுக்கொள்கிறார்கள். உண்மையான போரில் கீழே நின்ற ஊழியர்கள் அந்தக் கூரையை ஒரு புள்ளிகூட இல்லாமல் துடைத்து வைப்பார்கள். தூரத்தில் வரும் விமானமும் கண்ணாடியில் ஒட்டிய புள்ளியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஒரு புள்ளியில் ஒரு உயிர் தங்கியிருந்தது.

அந்தத் துடைத்த கையைப் பற்றிப் பேசும்போதுதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

கொக்பிட்டில் விமானியின் கை மட்டும்தானா இருக்கிறது? கருவிப் பலகைகளை இறுக்கியிருக்கும் திருகாணித் தலைகளைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். நன்றாகச் செய்யப்பட்ட கொக்பிட் என்றால் அவற்றைச் சுற்றி ஸ்குரூடிரைவர் வழுக்கிய கீறல்கள் இருக்கும். விமானி பறக்கும்போது ஸ்குரூடிரைவர் எடுப்பதில்லை. அது இரவில் லைட் பிடித்துக்கொண்டு பழுது பார்த்த தொழினுட்பவியலாளரின் கை. ஒரு பலகை மட்டும் பக்கத்துப் பலகையைவிடப் புதுசாக இருந்தால், அது பழுதாகி மாற்றப்பட்டிருக்கிறது. ஒரு இடத்தில் பெயின்ட் கொஞ்சம் வேறு நிறமாக இருந்தால், யாரோ தொட்டுப் பூசியிருக்கிறார். வேலையில் இருக்கும் விமானம் வெறுமனே தேய்ந்துகொண்டே போவதில்லை. தேய்கிறது, திருத்தப்படுகிறது, திரும்பவும் தேய்கிறது. இந்தத் திருத்தத்தைக் காட்டாமல் தேய்மானத்தை மட்டும் காட்டும் கொக்பிட், கைவிடப்பட்ட விமானம் போலத்தான் தெரியும்.

இன்னொரு கை இருக்கிறது. அதைக் கீறலில் காண முடியாது. பவேரியாவில் ஃப்ளோசன்பூர்க் என்ற இடத்தில் நாசிகளின் வதைமுகாம் ஒன்று இருந்தது. 1943 முதல் அந்த முகாமின் கைதிகளை வைத்து மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களின் பாகங்களைச் செய்வித்தார்கள். ஆயிரக்கணக்கான மனிதர்கள். பசியோடும் அடியோடும் தகட்டை வளைத்துத் தறைந்த கைகள் அவை. நாங்கள் கண்ட எந்தச் சிமியுலேட்டரின் 109 கொக்பிட்டிலும் அதைச் சொல்லும் அடையாளம் எதுவும் இல்லை. விமானியின் கட்டைவிரல் மெருகேற்றிய இடத்தை மில்லிமீற்றர் கணக்கில் காட்டும் கலை, அந்தத் தகட்டைச் செய்தவனைக் காட்ட வழி இல்லாமல் நிற்கிறது. இதைச் சொன்னபோது அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. ஒரு பையன் விளையாட்டை நிறுத்தி, 109இன் உள்பக்கத்தைத் திரும்பவும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

அதோடு விமானத்துக்குக் கீழே பார்க்கச் சொன்னோம். மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, வீதியில் வாகனம் ஓடச் செய்யலாம். வீடுகளும் இருக்கின்றன. ஆனால் வீடுகள் பெட்டிகள். முற்றத்தில் ஒருவரும் இல்லை. துணி காயப்போட்ட கொடி இல்லை. கதவுப் பிடி தேய்ந்த வீடு ஒன்றுகூட இல்லை.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. பிள்ளைகள் ஆசையாக ஓட்டும் மிக்-21இன் சீன வடிவம்தான் நம் நாட்டு விமானப்படை 1991இல் சேர்த்துக்கொண்ட எப்-7. 1996இல் கிபிர் வந்தது. அந்த வருடங்களில் வளர்ந்த எங்களுக்குக் கிபிர் என்பது ஒரு விமானத்தின் பெயராகத் தெரியாது, ஒரு சத்தத்தின் பெயராகத்தான் தெரியும். அது எப்படி இருக்கும் என்று கேட்டால் நாங்கள் வரைந்து காட்ட மாட்டோம், காதைப் பொத்திக் காட்டுவோம். யார் சரி, யார் பிழை என்று பேச இந்தப் பதிவை எழுதவில்லை. அந்த வாதம் நமக்கு நன்றாகத் தெரியும், அதனால் எத்தனை உறவு முறிந்தது என்பதும் தெரியும். சொல்ல வந்தது இதுதான்: எங்கள் தலைமுறை போர் விமானத்தைக் கீழிருந்து அறிந்தது, எங்கள் பிள்ளைகள் உள்ளிருந்து அறிகிறார்கள். இரண்டு பேருக்கும் பாதிதான் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பாதியும் ஒன்றோடொன்று பேசாமல் இருக்கின்றன.

சில வீடுகளில் இப்போதும் பெரிய சத்தத்தோடு விமானம் போனால் உம்மும்மா கையிலுள்ள வேலையை நிறுத்தி மேலே பார்ப்பார். அதுவும் ஒரு தேய்மானம்தான். எந்த டெக்ஸ்ச்சரிலும் அதைப் போர்த்த முடியாது. பேரனிடம் யாரும் அதைச் சொல்லாவிட்டால் அவனுக்கு அது ஒரு வயதான மனுஷியின் பழக்கமாக மட்டுமே தெரியும்.

இதற்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தோம். பாடசாலையைச் சுற்றிப் போய்த் தேய்ந்த இடங்கள் பத்தைக் கண்டுபிடித்து, அங்கே யாருடைய கை அல்லது கால், எதற்காக, எவ்வளவு காலம் என்று எழுதி வாருங்கள். விளையாட்டாகத்தான் போனார்கள். வந்த குறிப்புகளை வாசிக்கும்போது எங்களுக்கு ஆச்சரியம். மாடிப்படியில் கைபிடியின் கீழ்ப்பகுதி மேல்பகுதியைவிட மினுங்குகிறது, சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதைத்தான் பிடிக்கிறார்கள். கரும்பலகையின் இடப்பக்க மேல் மூலை வெளுத்திருக்கிறது, அங்கேதான் தினமும் திகதி எழுதி அழிக்கிறோம். கணினி அறை விசைப்பலகைகளில் நான்கு எழுத்து அழிந்திருக்கிறது, அவை விளையாட்டுக்குப் பாவிக்கும் நான்கு எழுத்து. இதை எழுதிய பிள்ளை கடைசியில், "ஆளைத் தேட வேண்டாம் சேர்" என்றும் எழுதியிருந்தான்.

ஒரு குறிப்பு மட்டும் வேறு மாதிரி இருந்தது. கூட்டித் துடைக்கும் அக்கா வைத்திருக்கும் விளக்குமாற்றுத் தடியில் இரண்டு இடம் வழுவழுப்பாக இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் இவ்வளவு தூரம் என்று அடிமட்டத்தால் அளந்து எழுதியிருந்தான் ஒருவன். "அவ ஒரு நாளும் பிடியை மாத்திப் பிடிக்கல்ல. முதுகு வலிக்கும் எண்டு நினைக்கிறன்." ஐந்து வருடமாக அவருக்குப் பக்கத்தால் நடந்து போகும் பிள்ளை அவன். கொக்பிட்டில் கீறல் பார்த்துப் பழகிய கண்தான் அந்தத் தடியையும் பார்த்தது. இதை நாங்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விளையாட்டு பிள்ளையை நல்லவனாக்கும் என்றும் சொல்லவில்லை. பார்க்கப் பழகிய கண் ஒரு இடத்தோடு நின்றுவிடாது என்று மட்டும் சொல்கிறோம். அதை அடுத்த இடத்துக்குத் திருப்பிவிடுவது பெரியவர்களின் வேலை.

இனிப் பெற்றோரின் கேள்விக்கு வருகிறோம். நல்லதா, கெட்டதா?

இரவு இரண்டு மணி கெட்டது. அதில் வாதம் இல்லை. தூக்கமும் தொழுகையும் படிப்பும் கெடும் எதுவும் அளவு மீறியதுதான், அது விமானமாக இருந்தாலும் சரி, கிரிக்கெட்டாக இருந்தாலும் சரி. நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள்.

ஆனால் நேரத்தைக் கட்டுப்படுத்திய பிறகு ஒரு தடவையாவது பக்கத்தில் உட்காருங்கள். வாப்பா மெக்கானிக்காக இருந்தால் இன்னும் நல்லது. தச்சராக, தையற்காரராக, மீன்பிடிக்காரராக இருந்தாலும் நல்லது. தேய்ந்த பொருளோடு வாழ்க்கை நடத்தும் எல்லோருக்கும் இதில் சொல்ல ஏதாவது இருக்கும். "இது ஏன் இங்க தேஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். மகன் தேடிப்போய்ப் பதில் சொல்வான். பிறகு, "இத ஆர் செஞ்ச? கீழ ஆர் இருக்கிற?" என்றும் கேளுங்கள். அதற்கு விளையாட்டில் பதில் இருக்காது. அந்தப் பதிலை வீட்டிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

ஒரு விசயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தொழினுட்பம் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறது. 2024இல் வந்த எப்-4 பென்டம் விமானத்தில் பாகங்களின் வயதையும் பழுதையும்கூடக் கணக்கில் எடுக்கிறார்கள், ஒரே ரகத்தில் இரண்டு விமானங்கள் அச்சொட்டாக ஒன்றுபோல நடந்துகொள்ளாது. ஆனாலும் கொக்பிட்டின் பெயின்டில் உள்ள கீறல்கள் யாரோ ஒரு கலைஞர் முதல் நாளே வரைந்து வைத்தவை. பிள்ளை ஆயிரம் மணித்தியாலம் பறந்தாலும் அங்கே அவனுடைய விரலால் ஒரு மினுக்கம்கூடக் கூடாது. அவனுடைய கை உண்மையில் எதைத் தேய்க்கிறது என்று அவனே யோசிக்கட்டும்.

உங்கள் வீட்டில் தேய்ந்துபோன பொருள் ஒன்று இருந்தால், யாருடைய கை அது என்று கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.